சால்மன் தூண்டில்காரர்களுக்கு உண்மையில் எத்தனை நாளைக்கு ஒரு மீன் கிடைக்கிறது?

வேலை மாற்றலில் கிளாஸ்கோவுக்கு வந்திருக்கும் ஒருவர் கேட்டிருப்பதன் சாரம் இது. மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்காட்லாந்தின் டே ஆற்றில் ஒரு நாள் அனுமதிச் சீட்டு எடுத்துத் தூண்டில் போட அவர் திட்டமிட்டிருக்கிறார். யூடியூபில் பார்க்கும் ஒவ்வொரு காணொளியிலும் பத்தாவது நிமிடத்தில் ஒரு சால்மன் வளைந்து துள்ளுகிறது. அலுவலகத்தில் பல ஆண்டுகளாகத் தூண்டில் போடும் ஒருவரோ, "மூன்று வருடமாகப் போகிறேன், வாலைக்கூடத் தொட்டதில்லை" என்கிறார். இந்த இரண்டில் எது உண்மை, சால்மனும் கடல் டிரவுட்டும் (சால்மனைப் போலவே கடலிலிருந்து ஆற்றுக்கு ஏறி வரும் மீன்) பிடிக்கப் போகிறவர்களுக்கு எவ்வளவுக்கு ஒருமுறை மீன் அகப்படுகிறது என்பதே கேள்வி. அதற்குள் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடப்பதாக எனக்குப் படுகிறது: எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் சராசரி என்ன என்பது ஒன்று, புதிதாகப் போகும் ஒருவருக்கு அந்த ஒரு நாளில் என்ன வாய்ப்பு என்பது மற்றொன்று. முதலாவதற்குக் கணக்கு இருக்கிறது. இரண்டாவதற்கு அந்தக் கணக்கை அப்படியே எடுத்துப் பொருத்தினால் தவறான விடைதான் வரும். ஆற்று மீன்வளக் கணக்கெடுப்பில் 16 ஆண்டுகள் வேலை பார்த்தவன், அதைவிட நீண்ட காலம் விடுமுறைகளை ஆற்றங்கரையில் கழித்தவன் என்ற முறையில் இரண்டுக்கும் சொல்கிறேன்.

முதலில் எண். இங்கிலாந்திலும் வேல்சிலும் சால்மன் பிடிக்க ஒவ்வொருவரும் தனி உரிமம் வாங்க வேண்டும். உரிமம் வாங்கியவர் ஆண்டு முடிவில் தாம் எந்தெந்த ஆற்றில் எத்தனை நாள் தூண்டில் போட்டார், எத்தனை மீன் பிடித்தார், அவற்றில் எத்தனையைத் திரும்ப விட்டார் என்று கணக்குக் கொடுத்தாக வேண்டும். ஒரு மீன்கூடக் கிடைக்காவிட்டாலும், ஏன், ஆற்றுப் பக்கமே போகாவிட்டாலும், 'ஒன்றுமில்லை' என்றாவது எழுதி அனுப்புவது சட்டப்படி கட்டாயம். இந்தக் கணக்கிலிருந்து, நூறு பேர் ஆளுக்கு ஒரு நாள் தூண்டில் போட்டால், அதாவது நூறு தூண்டில் நாளுக்கு, எத்தனை சால்மன் என்று கணிக்கிறார்கள். நாடு முழுவதற்குமான அந்தச் சராசரி பெரும்பாலான ஆண்டுகளில் ஒற்றை இலக்கத்தில்தான் இருந்து வருகிறது. மோசமான ஆண்டில் 4 அல்லது 5, நல்ல ஆண்டில் அதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. ஆக, ஒரு சால்மனுக்குத் தோராயமாக 12 முதல் 25 நாட்கள். உங்கள் அலுவலக நண்பர் பொய் சொல்லவில்லை. ஆண்டுக்கு ஐந்தாறு நாள் மட்டும் போகிறவராக இருந்தால் மூன்று வருட வெறுங்கை ஒன்றும் அதிசயமல்ல.

இந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிடித்த மீனைப் பெரும்பாலோர் சரியாகவே எழுதுகிறார்கள். ஒருவருக்கு ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ மீன்தான் என்பதால் அதை மறக்க வழியில்லை. தடுமாற்றமெல்லாம் நாட்களின் எண்ணிக்கையில்தான். அலுவலகம் முடிந்து ஆறரை மணிக்கு வந்து ஒரு மணி நேரம் தூண்டில் வீசியவருக்கும் அது ஒரு நாள். விடியலில் இறங்கி இருட்டும்வரை இடுப்பளவு நீரில் நின்றவருக்கும் அது ஒரு நாள். டிசம்பர் கடைசியில் சமையலறை மேசையில் உட்கார்ந்து, 'இந்த வருஷம் ஒரு இருபது நாள் போயிருப்பேனா?' என்று யோசித்து எழுதப்படும் எண் அது. நானே அப்படி எழுதியிருக்கிறேன். எனவே மேலே சொன்ன சராசரியைத் தராசு முள் போல் எடுத்துக்கொள்ளாமல், கைநிறை போல் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்காட்லாந்தின் முறை வேறு. அங்கே தூண்டில் உரிமம் என்று ஒன்று கிடையாது. ஆற்றில் சால்மன் பிடிக்கும் உரிமை தனி உரிமையாளர்களிடம் இருக்கிறது, கணக்குக் கொடுப்பவர்களும் அவர்களே. மீன் கணக்கு 1952 முதல் தொடர்ச்சியாக இருக்கிறது. ஆனால் அத்தனை மீனுக்கும் எத்தனை பேர் எத்தனை நாள் நின்றார்கள் என்பது நீண்ட காலம் அந்தப் படிவத்தில் கேட்கப்படவே இல்லை. 2010-இல் ஸ்காட்லாந்து முழுவதும் தூண்டிலில் பிடிபட்ட சால்மன் ஒரு லட்சத்தைத் தாண்டியது; 2023-இல் அது சுமார் 32,500, கணக்கெடுப்பு தொடங்கிய நாளிலிருந்து அதுவரை மிகக் குறைந்த எண்ணிக்கை. இந்தச் சரிவில் எவ்வளவு பங்கு மீன் குறைந்ததால், எவ்வளவு பங்கு தூண்டில்காரர்களே வராமல் போனதால் என்று இந்த எண்ணை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. மீன் குறைந்தது என்பதற்கு மற்றச் சான்றுகள் ஏராளம். சரிவின் அளவு மட்டுமே விவாதத்துக்குரியது.

இனிச் சராசரி எப்படி ஏமாற்றும் என்று பார்ப்போம். ஒரு நாளைக்கு இருபதில் ஒன்று என்று வாய்ப்பை வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் ஒரே திறமை, எல்லா நாளும் ஒரே நாள் என்று வைத்தால்கூட, ஐந்து நாள் போகிறவர்களில் நூற்றுக்கு 77 பேர் வெறுங்கையோடுதான் திரும்புவார்கள். பத்து நாள் போனால் 60 பேர். 'இருபது நாளைக்கு ஒன்று' என்பதை நம்பி இருபது நாளும் நிற்பவர்களிலேயே 36 பேருக்கு ஒன்றும் கிடைத்திருக்காது. இது வெறும் பெருக்கல் கணக்கு. நிஜத்தில் இடைவெளி இன்னும் பெரிது, ஏனெனில் திறமையும் ஒன்றல்ல, நாளும் ஒன்றல்ல. ஆற்றுக்குப் பத்து நிமிட நடையில் குடியிருக்கும் ஓய்வுபெற்றவர், காலையில் காப்பிக் கோப்பையோடு வந்து நீரின் நிறத்தைப் பார்த்து, சரியில்லை என்றால் வீட்டுக்குத் திரும்பிவிடுவார். சரியாக இருக்கும் அந்த மூன்று மணி நேரத்துக்கு மட்டும் தூண்டிலை எடுப்பார். அவருடைய படிவத்தில் ஆண்டுக்குப் பத்துப் பன்னிரண்டு மீன் இருக்கும். ஆறு மாதத்துக்கு முன்பே நாளைக் குறித்து, பணம் கட்டி, நானூறு கிலோமீட்டர் காரோட்டி வருபவர், ஆறு எந்த நிலையில் இருந்தாலும் அதில்தான் நிற்க வேண்டும். இவர்கள் இருவரையும் கூட்டி இரண்டால் வகுப்பதுதான் சராசரி. சிலரிடம் பல மீன், பலரிடம் ஒன்றுமில்லை என்பதுதான் எந்த ஆற்றின் கணக்கேட்டைப் புரட்டினாலும் தெரியும் வடிவம். காணொளிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மீன் வராத பத்தொன்பது நாளையும் யாரும் பதிவேற்றுவதில்லை.

ஏன் இவ்வளவு கடினம் என்பதற்கு அடிப்படைக் காரணம் ஒன்றே ஒன்று: ஆற்றுக்குள் வந்த சால்மன் சாப்பிடுவதில்லை. கடலில் ஓராண்டோ இரண்டாண்டோ, சில சமயம் மூன்றாண்டோ கொழுத்து, முட்டையிடத் தான் பிறந்த ஆற்றுக்குத் திரும்பும் மீன், அந்தக் கொழுப்பை வைத்தே மாதக்கணக்கில் ஓட்டுகிறது. பிப்ரவரியில் ஏறிய மீன்கூட நவம்பரில் முட்டையிடும்வரை இரை எடுப்பதில்லை. வயிற்றைப் பிளந்து பார்த்தால் இரைப்பை சுருங்கி வெறுமையாக இருக்கும். நாமோ அதன் வாய்க்கு முன்னால் இரை போன்ற ஒன்றை ஆட்டிக்கொண்டிருக்கிறோம். பசியில்லாதவன் ஏன் வாயைத் திறக்கிறான்? எரிச்சலில் கடிக்கிறது, எல்லையைக் காக்கக் கடிக்கிறது, கடலில் இரை பிடித்த பழக்கம் தன்னையறியாமல் கிளர்ந்து கடிக்கிறது, குஞ்சாக இருந்தபோது ஆற்றில் பூச்சி தின்ற நினைவு மிச்சமிருக்கிறது என்று பல விளக்கங்கள் உலவுகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஆதரவாக யாராவது ஒரு மாலைப்பொழுதைச் சாட்சி சொல்வார்கள். எதுவும் நிரூபிக்கப்பட்டதல்ல. எந்த நிறச் செயற்கை ஈக்கு (முள்ளில் இறகும் நூலும் கட்டிச் செய்யும் போலிப் பூச்சி) எந்த நாளில் மீன் மயங்கும் என்று அடித்துப் பேசுபவரிடம் ஒரு சிட்டிகை அவநம்பிக்கையோடு இருப்பது நல்லது, அவர் கடைக்காரராக இருந்தால் இரண்டு சிட்டிகை.

எந்த ஈ என்பதில் உறுதியில்லை என்றாலும், எந்த மீன், எந்த நீர் என்பதில் ஓரளவு உறுதியுண்டு. கடலிலிருந்து ஏறி ஓரிரு நாளே ஆன மீன்தான் கடிக்கும் மீன். அதன் பக்கங்கள் வெள்ளித் தகடு போல் இருக்கும். வாலுக்கு அருகே கடல் பேன் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும். நன்னீரில் அந்தப் பேன் சில நாட்களுக்கு மேல் தங்காது என்பதால், அதைப் பார்த்தே மீன் எப்போது கடலை விட்டது என்று சொல்லிவிடலாம். ஒரே மடுவில் மூன்று வாரம் கிடந்து செம்பு நிறத்துக்கு மாறிய மீன் எதையும் சட்டைசெய்யாது. ஒரு நாள் முழுக்கக் கண்ணெதிரில் முப்பது முறை துள்ளி விழுந்து, அத்தனை முறையும் நம் நெஞ்சைத் துள்ளவைத்து, ஒருமுறைகூடத் தூண்டிலைத் திரும்பிப் பார்க்காத மீன்கள் அவைதாம். நீரைப் பொறுத்தவரை, மழை வெள்ளம் ஏறும்போதும் பயனில்லை, வற்றிக் கிடக்கும்போதும் பயனில்லை. வெள்ளம் வடியத் தொடங்கி, கலங்கல் தெளிந்து, நீர் நீர்த்த தேநீரின் நிறத்துக்கு வரும் அந்த அரை நாளோ ஒரு நாளோதான் பொழுது. வெப்பம் நான்கைந்து பாகைக்குக் கீழே போனால் மீன் அசையச் சோம்பும். பதினெட்டு இருபதுக்கு மேலே போனால் மீனுக்கு மூச்சுத் திணறல், அப்போது பிடித்த மீனைத் திரும்ப விட்டாலும் அது பிழைக்கும் வாய்ப்பு குறைகிறது என்பதால் பல ஆறுகளில் தூண்டிலை மடக்கி வைக்கச் சொல்கிறார்கள்.

என் முதல் சால்மனுக்கு முன் 31 நாள் வெறுங்கையோடு திரும்பியிருக்கிறேன்; குறிப்பேட்டில் ஒவ்வொன்றும் இருக்கிறது. முப்பத்திரண்டாவது நாள் நான் எதையும் மாற்றிச் செய்யவில்லை. அதே மடு, அதே ஈ, அதே அரைகுறை வீச்சு. முந்தைய நாள் மழை பெய்து நீர் இறங்கிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். நரம்பு ஆற்றின் குறுக்கே மெல்ல வளைந்து போய்க்கொண்டிருந்த இடத்தில் நின்றது. பாறையில் சிக்கிக்கொண்டதாக நினைத்துச் சலித்துக்கொண்டேன். பிறகு அந்தப் பாறை நிதானமாக எதிர்நீச்சலில் நடக்கத் தொடங்கியது. டே ஆற்றைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் சொல்லும் கதையும் நினைவுக்கு வருகிறது: 1922 அக்டோபர் 7-ஆம் தேதி மாலை, கேப்புத் அருகே, தந்தை துடுப்புப் போட, படகிலிருந்து தூண்டில் பிடித்த ஜார்ஜினா பாலன்டைன் என்ற இளம்பெண், இரண்டு மணி நேரத்துக்கு மேல் போராடி 64 பவுண்டு, அதாவது 29 கிலோ, எடையுள்ள சால்மனைக் கரையேற்றினார். பிரிட்டனில் தூண்டிலில் பிடிபட்ட சால்மன்களில் அதுவே இன்றுவரை சாதனை. நூறாண்டுக்கும் மேலாக எத்தனை லட்சம் தூண்டில் நாட்கள் அந்தச் சாதனையைத் துரத்தியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

ஆற்றில் மீனே இல்லாததால்தான் கிடைப்பதில்லையா என்று அடுத்துக் கேட்பீர்கள். பல ஆறுகளில் அணைக்கட்டுப் படியில் மீன் எண்ணும் கருவி பொருத்தியிருக்கிறார்கள். இங்கிலாந்தின் வடகிழக்கில் டைன் ஆற்றில் ரைடிங் மில் என்ற இடத்தில் ஒன்று இருக்கிறது. நல்ல ஆண்டுகளில் சால்மனும் கடல் டிரவுட்டுமாகப் பல்லாயிரம் மீன்கள் அதைக் கடந்திருக்கின்றன, தூண்டிலில் பிடிபட்டது சில ஆயிரம். ஏறி வரும் மீன்களில் பெரும்பகுதி எந்தத் தூண்டிலையும் தொடாமலேயே முட்டையிடும் இடத்துக்குப் போய்ச் சேர்கிறது என்பதில் ஐயமில்லை. அந்தப் பகுதி எவ்வளவு என்பது மட்டும் ஆற்றுக்கு ஆறு, மாதத்துக்கு மாதம் மாறும். மாதக்கணக்கில் ஆற்றில் கிடக்க நேரும் வசந்தகால மீன் அதிகம் மாட்டும், இலையுதிர் காலத்தில் விறுவிறுவென்று ஏறிப் போவது குறைவாக மாட்டும். ஆகவே ஒரு நாள் வெறுங்கை என்பதை ஆற்றில் மீனில்லை என்பதற்குச் சான்றாகக் கொள்ளக்கூடாது. பத்தாண்டு வெறுங்கை கூடிக்கொண்டே போனால் அது வேறு செய்தி.

அந்தச் செய்தியும் இப்போது வந்துகொண்டுதான் இருக்கிறது. கடலுக்குப் போன நூறு குஞ்சுகளில் ஐந்து திரும்பினாலே பெரிது என்பது இன்று பல ஆறுகளின் நிலை. 2023 டிசம்பரில் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியல் பிரிட்டனின் சால்மனை அழியும் ஆபத்திலுள்ள இனம் என்று வகைப்படுத்தியது. 2024 ஜூனில் நார்வே, மீன் ஏறாததால், பருவத்தின் நடுவிலேயே 33 ஆறுகளில் தூண்டில் போடுவதை நிறுத்தியது. சால்மனுக்குப் பெயர்போன நாடு அப்படிச் செய்தது எங்கள் வட்டாரத்தில் பெரிய அதிர்ச்சி. ஸ்காட்லாந்தில் 1994-இல் பிடித்த மீனில் பத்தில் ஒன்றைக்கூடத் திரும்ப விடவில்லை. 2023-இல் நூற்றுக்கு 96 திரும்ப விடப்பட்டன. இதில் கணக்கெடுப்பவர்களுக்கு ஒரு சிறு தலைவலி உண்டு: விட்ட மீன் மேலே போய் இன்னொருவரிடம் மாட்டினால் அது இரண்டாகப் பதிவாகும். அப்படி நடப்பது உறுதி. மொத்தத்தில் அது சிறு பங்குதான் என்பது என் கணிப்பு.

உங்கள் கைக்கு வரப்போகும் விளம்பரத் தாள்களைப் படிக்கும் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பணம் போவது அங்கேதான். ஸ்காட்லாந்து ஆறுகள் 'பீட்' என்ற துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு துண்டிலும் ஒரு நாளைக்கு இத்தனை தூண்டில் என்று வரையறுத்து வாடகைக்கு விடப்படுகின்றன. 'ஐந்தாண்டுச் சராசரி 90 மீன்' என்று தாளில் போட்டிருக்கும். ஒரு கற்பனைத் துண்டை எடுத்துக்கொள்வோம்: நான்கு தூண்டில், வாரம் ஆறு நாள், ஜனவரி 15 முதல் அக்டோபர் 15 வரை 39 வாரம். மொத்தம் 936 தூண்டில் நாள். எல்லா இடமும் நிரம்பியிருந்தால் பத்து நாளைக்கு ஒரு மீன். பாதி இடம் காலியாகக் கிடந்திருந்தால் ஐந்து நாளைக்கு ஒன்று. நிரம்பியதா, காலியா என்பதைத் தாள் சொல்லாது, நீங்கள்தான் கேட்க வேண்டும். அதைவிட முக்கியம், அந்த 90 மீன் எந்த மாதத்தில் என்பது. அதில் 60 கடைசி ஆறு வாரத்தில் வந்தவை என்றால், அந்த வாரங்களில் இரண்டரை நாளைக்கு ஒரு மீன். மீதி 33 வாரங்களில் 26 நாளைக்கு ஒரு மீன். ஒரே துண்டு, ஒரே தாள். மலிவான வாரம் மலிவாக இருப்பதற்குக் காரணம் உண்டு. கெல்சோ நகரில் டெவியட் ஆறு ட்வீடில் கலக்கும் இடத்திலுள்ள புகழ்பெற்ற ஜங்ஷன் மடுவில் இலையுதிர் காலத்தில் நிற்க எவ்வளவு கேட்கிறார்கள் என்று விசாரித்தால், வாய்ப்பின் விலை எப்படி நிர்ணயமாகிறது என்பது விளங்கிவிடும்.

இதே இடத்தில் புதியவர்கள் ஏமாறும் இன்னொன்று. பிப்ரவரி, மார்ச்சில் டே ஆற்றில் ஒருவர் முதல் நாளே நீளமான வெள்ளி மீன் ஒன்றைப் பிடித்துவிட்டு வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பதைப் பார்த்திருக்கிறேன். அது 'கெல்ட்': போன குளிர்காலத்தில் முட்டையிட்டுக் களைத்து, கடலுக்குத் திரும்பிக்கொண்டிருக்கும் மீன். பசியோடு இருப்பதால் எதையும் கடிக்கும். தலை பெரிதாகவும் உடல் ஒட்டி, வயிறு உள்வாங்கியும் இருக்கும்; துடுப்புகளின் ஓரம் தேய்ந்திருக்கும்; செவுளைத் தூக்கிப் பார்த்தால் அரிசிமணி போல் வெள்ளை ஒட்டுண்ணிகள் தெரியும். அதை உடனே விட்டுவிட வேண்டும், கணக்கிலும் சேர்க்கக்கூடாது. காணொளிகளில் வரும் சில 'வசந்தகால சால்மன்'களின் செவுளை யாராவது தூக்கிக் காட்டினால் நன்றாக இருக்கும்.

கடல் டிரவுட்டின் கதை தனி. அது சால்மன் அல்ல; ஆற்றிலேயே வாழும் பழுப்பு டிரவுட்டும் அதுவும் ஒரே இனம், கடலுக்குப் போய் வருவது என்பதுதான் வேறுபாடு. இங்கிலாந்து, வேல்ஸ் கணக்கில் பெரும்பாலான ஆண்டுகளில் சால்மனைவிடக் கடல் டிரவுட்தான் அதிகம் பிடிபட்டிருக்கிறது. ஆனால் அந்த எண்ணிக்கையில், சில மாதமே கடலில் இருந்து அரைக்கிலோகூடத் தேறாமல் திரும்பும் குட்டிகளும் அடங்கும். கோடைக் கடைசியில் அவை கூட்டமாக ஏறும்போது ஒரே இரவில் நான்கைந்து மாட்டும், சராசரி எகிறிவிடும். பெரிய மீன் சால்மனைவிடக் கூச்சம் மிகுந்தது. வேல்சில் இதைச் 'சூயின்' என்பார்கள். டைவி, டோவி போன்ற ஆறுகளில் ஜூன் முதல் ஆகஸ்டுவரை இருட்டிய பின்தான் தூண்டிலையே எடுப்பார்கள். பொழுது சாய்ந்து அக்கரை மரத்தின் இலைகள் தனித்தனியாகத் தெரியாமல் ஒரே கறுப்பாகும்வரை நீரைத் தொடக்கூடாது என்பது பழைய கைகளின் கட்டளை. அவசரப்பட்டு முன்னதாக ஒருமுறை வீசினால் அந்த மடுவே அடங்கிவிடும். பிறகு வௌவால் நரம்பில் உரச, கண்ணுக்கு எதுவும் தெரியாமல், விரலில் வரும் இழுப்பை மட்டும் நம்பி நிற்க வேண்டும். மாட்டிய மீனில் பாதி கரைக்கு வருவதற்குள் முள்ளைக் கழற்றிக்கொண்டு போய்விடும், அதன் வாய் அவ்வளவு மென்மை. பகலில் ஒரு வாரம் நின்று இந்த ஆற்றில் மீனே இல்லை என்று முடிவு கட்டியவர்கள் நிறைய. அவர்கள் தூங்கப் போன பிறகுதான் மீன் எழுந்திருக்கிறது.

வேறு நாடுகளில் இதைவிட நன்றாக இல்லையா என்றால், இருக்கிறது. ஐஸ்லாந்தில் ஒவ்வொரு ஆற்றுக்கும் இத்தனை தூண்டில் என்று கண்டிப்பான எல்லை உண்டு, ஒவ்வொரு மீனும் விடுதிப் புத்தகத்தில் ஏறும். லாக்ஸா ஆ ஆசும் என்ற சிற்றாற்றில் நீண்ட காலம் இரண்டே தூண்டில்தான் அனுமதி. அங்கெல்லாம் நாளைக்கு ஒரு மீனுக்கும் மேல் எதிர்பார்ப்பது பேராசை அல்ல. விலையும் அதற்கேற்றபடி இருக்கும். சில ஐஸ்லாந்து ஆறுகளின் பெரும் எண்ணிக்கைகள் வளர்த்து விடப்பட்ட குஞ்சுகளால் வருபவை என்பதால் அவற்றை இயற்கையான ஆற்றோடு ஒப்பிடுவது முறையல்ல.

இப்போது உங்கள் ஒரு நாளுக்கு வருகிறேன். நீங்கள் குறிப்பிட்டிருப்பது ஞாயிற்றுக்கிழமை. ஸ்காட்லாந்தில் ஞாயிறன்று சால்மனுக்கும் கடல் டிரவுட்டுக்கும் தூண்டில் போடுவது சட்டப்படி குற்றம். எனவே அந்த நாளில் உங்கள் வாய்ப்பு, மிகத் துல்லியமாக, பூஜ்யம். அதைச் சனிக்கிழமைக்கு மாற்றுங்கள். மே மாதத்து டே ஆற்றில், முதல்முறை செல்பவர், யாருடைய உதவியும் இன்றி, ஒரு நாள் என்றால், முப்பதில் ஒன்றுக்கு மேல் நான் சொல்லமாட்டேன். இது என் அனுபவ மதிப்பீடு, அளந்து கண்ட எண் அல்ல. கில்லி என்று அழைக்கப்படும் ஆற்று வழிகாட்டி ஒருவரோடு போனால் (நம் ஊர்க் கிட்டிப்புள் கில்லியோடு இதற்கு உறவில்லை) அது இரு மடங்காகலாம். மீன் எந்தப் பாறைக்குப் பின்னால் படுக்கும் என்பது அவருக்குத் தெரியும். அதைவிட, மீனில்லாத நூறு மீட்டரில் நீங்கள் அரை நாளைக் கழிக்காமல் தடுப்பார். ஒரு நாளுக்குப் பதிலாக மூன்று நாள் தொடர்ந்து எடுத்தால், அதில் ஒரு நாளாவது நீர் சரியாக இருக்கும் வாய்ப்பு கூடும். பணம் ஒரு நாளுக்குத்தான் என்றால், நாளை முன்கூட்டியே குறிக்காமல், மேற்குக் கரையின் சிறிய மழையாறு ஒன்றை விசாரித்து வைத்துக்கொண்டு, ஜூலையிலோ ஆகஸ்டிலோ பெருமழை பெய்த மறுநாள் காலை கிளம்புங்கள். கிளாஸ்கோவில் இருப்பவருக்கு இது கைவசமுள்ள பெரிய வசதி, லண்டனிலிருந்து வருபவருக்கு இல்லாதது.

மீன் மாட்டினால் நீரை விட்டுத் தூக்காமல், முள்ளைக் கழற்றி, தலையை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்து, அதுவாக வாலை உதறும்வரை விடாதீர்கள். அதற்கு ஒரு நிமிடமும் ஆகலாம், ஐந்து நிமிடமும் ஆகலாம். புறப்படும் முந்தின இரவு ஸ்காட்லாந்து சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பின் தளத்தில் உங்கள் ஆற்றின் நீர்மட்டக் கோட்டைப் பாருங்கள். கோடு உச்சியைத் தொட்டுவிட்டுக் கீழே சரிந்துகொண்டிருந்தால் அலாரத்தை நான்கரைக்கு வையுங்கள். இன்னும் ஏறிக்கொண்டிருந்தால் தூங்குங்கள், மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.